குறை எழுதிய ஏடுகள்: புதுச்சேரித் துணிக்கிடங்கு முதல் கணினி டிக்கெட் வரை

பலர் கைமாறி முடியும் எந்த வேலைக்கும் இரண்டு கணக்குகள் வேண்டும். எந்த வேலை, யார் பொறுப்பு, எந்த நாளுக்குள் என்பது ஒன்று. முடிந்ததாகச் சொல்லப்பட்ட வேலையில் எங்கே என்ன குறை, அதை யார் சரிசெய்ய வேண்டும், சரியாகிவிட்டதா என்பது மற்றொன்று. மென்பொருள் எழுதும் குழுக்கள் முதல் கணக்குக்குத் திட்ட மேலாண்மைக் கருவிகளையும் இரண்டாவதற்குப் பிழைப்பதிவுக் கருவிகளையும் வைத்துக்கொள்கின்றன. அலுவலகப் பேச்சில் அவை ‘டாஸ்க்’, ‘டிக்கெட்’, ‘பக்’ என்று வழங்குகின்றன. புதுச்சேரி நகரத்தில் இந்த இரண்டு கணக்குகளும் கணினிக்கு மிக முந்தையவை. துணிக்கிடங்கில் அவை தொடங்கின.

1664இல் உருவான பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1674இல் அதன் அதிகாரி பிரான்சுவா மர்த்தேன் காலத்தில் புதுச்சேரியில் கால் ஊன்றியது. இங்கே இயற்கைத் துறைமுகம் இல்லை. மிளகு விளையும் நிலமும் இல்லை. கம்பெனி இங்கு தங்கியதற்குப் பெரிய காரணம், சுற்றுவட்டாரத்துத் தறிகள். 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர் கையில் இருந்தபோது அவர்கள் வரைந்த நகர்ப் படங்களிலேயே நெசவாளருக்கென்று தெருக்கள் காணப்படுகின்றன. ஊரின் நேர்கோட்டுத் தெருக்களுக்கு அந்தப் படங்களே அடிப்படை. பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து அதே அமைப்பைத் தொடர்ந்தார்கள். 1706இல் லூயி கோட்டை எழுந்தது. கோட்டைக்குள் துணி வந்து சேரும் கிடங்கும் கணக்கு எழுதும் இடமும் அடுத்தடுத்து இயங்கின.

துணி வாங்குவது கடையில் விலை பேசி எடுக்கிற காரியமாக இருக்கவில்லை. பிரான்சிலிருந்து வரும் கப்பலில் வெள்ளியும், இன்னின்ன துணி இத்தனை உருப்படி வேண்டும் என்ற பட்டியலும் வரும். அந்தப் பட்டியலைக் கொண்டு உள்ளூர் வணிகர்களோடு ஒப்பந்தம் எழுதுவார்கள். வணிகர் முன்பணம் பெற்று, அதை ஊர் ஊராகப் பிரித்து நெசவாளர் வீடுகளுக்கு அனுப்புவார். நூல் வாங்கவும் துணி முடியும்வரை வீட்டில் அடுப்பெரியவும் அந்தப் பணம்தான். துணி முடிந்தால் கிடங்குக்கு வரும். பிறகு சலவை, சாயம், மடிப்பு, கட்டு. கடைசியில் சலங்கு என்னும் படகில் ஏற்றி, அலையைத் தாண்டி, தள்ளி நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் புயலும் அடிக்கும்போது அந்தக் கடலில் கப்பல் நிற்க முடியாது. ஆகவே புறப்படும் நாளைக் காற்று தீர்மானித்தது. சரக்கு அதற்குள் வந்து சேராவிட்டால் கப்பலில் இடம் காலியாகப் போகும், அல்லது கப்பல் மாதக்கணக்கில் காத்திருக்கும். இன்றைய குழுக்கள் ‘டெட்லைன்’ என்கிறார்களே, அதற்கு இதைவிடக் கடுமையான உதாரணம் கிடைப்பது அரிது.

ஒப்பந்தத்தில் துணியின் பெயர், நீளம், அகலம், இழை நெருக்கம் எல்லாம் இருக்கும். நெருக்கத்துக்கு அளவு புஞ்சம். ஒரு புஞ்சம் என்றால் பாவில் 120 இழை. 18 புஞ்சத் துணியில் அகலவாட்டில் 2,160 இழைகள் இருக்க வேண்டும். ஒப்புக்கொண்ட துணிக்கு ஒரு மாதிரி உருப்படியைக் கிடங்கில் பத்திரப்படுத்தி வைப்பது சோழமண்டலக் கரைக் கம்பெனிகளின் வழக்கம். வரும் ஒவ்வோர் உருப்படியையும் அந்த மாதிரியோடு ஒத்துப் பார்ப்பார்கள். எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் எழுதி, ஒரு மாதிரியையும் வைத்துவிட்டால்தான் எது குறை என்று சொல்ல முடியும். இதை அந்தக் கிடங்குக்காரர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

துணி பார்க்கும் வேலை மெதுவானது. மடிப்பைப் பிரித்து மேசைமேல் விரித்து, முதலில் அகலம் அளப்பார்கள், பிறகு நீளம். அடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் இழை அறுந்த இடமும் ஊடை தளர்ந்த இடமும் தெரியும். விரலால் தேய்த்தால் கஞ்சி ஏற்றிக் கனம் காட்டியிருப்பது தெரியும். துணியின் இரு முனைகளில் நெருக்கமாக நெய்து நடுவில் இழை குறைத்திருந்தால், மடித்து வைத்த நிலையில் அது கண்ணுக்குத் தட்டுப்படாது. முழுவதும் விரித்தால்தான் பிடிபடும். பார்த்து முடித்ததும் முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பிரிப்பார்கள். எதிலும் சேராதது கழிக்கப்பட்டு வணிகரிடமே திரும்பும். எத்தனை வந்தன, எத்தனை எடுக்கப்பட்டன, எத்தனை திரும்பின என்று கம்பெனிக் கணக்கர் எழுதிக்கொள்வார். பிழைப்பதிவின் முழு வடிவமும் அங்கே இருந்தது: எதிர்பார்த்தது, கண்டது, குறையின் தன்மை, முடிவு.

அந்த ஏட்டில் ஒரு பெரிய பள்ளம் இருந்தது. குறை செய்தவர் என்று கருதப்பட்ட நெசவாளர் அதைப் பார்த்ததே இல்லை. அது பிரெஞ்சில் எழுதப்பட்டது, கோட்டைக்குள் இருந்தது. தன் துணி ஏன் கழிந்தது என்பது வணிகர், அவருடைய ஆள், ஊர்த் தரகர் என்று வாய்வழியாக இறங்கிவந்து நெசவாளர் காதில் விழும்போது, அகலக் குறைவா, நெருக்கக் குறைவா, சந்தையில் விலை இறங்கியதால் சொன்ன சாக்கா என்று பிரித்தறிய வழியில்லை. ஆனாலும் அந்தக் காலத்தில் நெசவாளருக்குச் சில பிடிமானங்கள் இருந்தன. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முறிக்கும் வழக்குரிமை தென்னிந்தியத் தறிக்காரருக்கு இருந்தது. ஒருவர் கழித்த துணியை வேறொருவருக்கு விற்கவும் முடிந்தது. போட்டிக் கம்பெனிகள் அற்றுப்போன 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆங்கிலேயக் கம்பெனியின் ஆட்சி பரவிய இடங்களில் இந்த உரிமைகள் தேய்ந்தன.

வணிகர்கள் தங்கள் பங்குக்குத் தமிழில் கணக்கு வைத்திருந்தார்கள். தமிழ் வணிகக் கணக்கு முறையில் அன்றன்று நடப்பதை நடந்த வரிசையில் எழுதுவது குறிப்பேடு. அதிலிருந்து ஆள்வாரியாக, இனவாரியாகப் பெயர்த்து எழுதுவது பேரேடு. இந்த இரண்டையும் பிரித்தது மிகக் கூர்மையான யோசனை. குறிப்பேட்டைப் பார்த்தால் ஒரு நாள் என்ன நடந்தது என்று தெரியும். ஆனால் ஒரு வணிகரின் விவகாரம் எங்கே நிற்கிறது என்று தெரிய ஐம்பது பக்கம் புரட்ட வேண்டும். பேரேட்டில் அவர் பெயர் உள்ள பக்கத்தைத் திறந்தால் போதும். வாட்ஸ்அப் குழுவில் வேலை நடத்தும் இன்றைய சிறு குழுக்கள் குறிப்பேட்டை மட்டும் வைத்துக்கொண்டு பேரேடு இல்லாமல் தவிக்கின்றன. செய்தி எல்லாம் அங்கே இருக்கிறது, ஆனால் எந்தப் பிழை தீர்ந்தது, எது தீரவில்லை என்று கேட்டால் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

ஏடு எந்த மொழியில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் காட்ட நைனியப்ப பிள்ளையின் கதை ஒன்றே போதும். அவர் 1708 முதல் கம்பெனியின் தலைமைத் தரகர். துணி ஒப்பந்தங்கள், வணிகர்களுக்கான முன்பணம், ஆட்களைத் திரட்டுவது எல்லாம் அவர் வழியாக நடந்தன. 1716இல் ஆளுநர் எபேர் அவரைச் சிறையிலடைத்து, கொடுங்கோன்மை, கலகம் என்ற குற்றங்களின்பேரில் விசாரித்தார். நைனியப்பர் தமிழர், ஐரோப்பியரோடு வணிகம் பேச அவருக்குப் பயன்பட்டது போர்த்துக்கீசிய மொழி. அவர்மீதான பதிவுகளோ பிரெஞ்சில் எழுதப்பட்டன. பொதுமக்கள் முன் சாட்டையடி, சொத்துப் பறிமுதல், சிறை என்று தீர்ப்பாயிற்று. 1717இல் அவர் சிறையிலேயே இறந்தார். அவர் மகன் பிரான்சுக்கே போய் முறையிட்டார். தீர்ப்பு பின்னர் நீக்கப்பட்டது. தன்னைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்று படிக்க முடியாத நிலையில் ஒரு மனிதர் அழிக்கப்பட்ட அந்த வழக்கு, புதுச்சேரி வரலாற்றின் ஆறாத வடு.

நைனியப்பரின் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையின் மகன் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, இளம் வயதில் குடும்பத்தோடு புதுச்சேரிக்கு வந்தவர். பரங்கிப்பேட்டையில் கம்பெனியின் துணி அலுவல்களைக் கவனித்தவர். கம்பெனியின் தலைமைத் துபாஷியாக, அதாவது தலைமைத் தரகராக, இருந்த கனகராய முதலியார் 1746இல் மறைந்தபின் அந்தப் பொறுப்பு ஆனந்தரங்கரிடம் வந்தது. 1736 செப்டம்பர் 6 அன்று அவர் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பு, 1761 ஜனவரியில் அவர் இறக்கும் தறுவாய் வரை நீள்கிறது. அதே மாதம் 16ஆம் தேதி ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்தது.

அந்த நாட்குறிப்பை அரசியல் வரலாற்றுக்காகப் படிப்பவர்களே அதிகம். ஆளுநர் டியூப்ளேயின் செயல்கள், பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்த 1746, ஆங்கிலேயத் தளபதி பொஸ்காவென் புதுச்சேரியை முற்றுகையிட்ட 1748 ஆகியவை அதில் விரிவாக உள்ளன. ஆனால் ஒரு வேலை மேலாளரின் ஏடாகவும் அதைப் படிக்கலாம். அப்படிப் படிப்பதுதான் அதற்கு நியாயம் செய்வது என்றும் தோன்றுகிறது. தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை, வேளை என்று ஒவ்வொரு நாளும் தொடங்கும். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை குண்டு போட்டு வரவேற்றார்கள், ஆளுநர் என்ன கேட்டார், தாம் என்ன பதில் சொன்னார், எந்த வணிகர் என்ன தவணை சொன்னார், எந்த வாக்கு நிறைவேறவில்லை என்று வரிசையாக வரும். யார் சொன்னது, யார் முன்னால் சொன்னது என்பதை விடாமல் குறிப்பது அவருடைய பழக்கம். உறவினர் ஒருவர் பிறருடைய ஏட்டால் அழிந்ததைக் கண்ட குடும்பத்தில் பிறந்தவர், தம் மொழியில் தமக்கென ஓர் ஏடு வைத்துக்கொண்டது வியப்பில்லை. அதில் குறை என்று சொன்னால், இது முழுக்கக் குறிப்பேடு; பேரேடு கிடையாது. ஒரு நாள் எழும் சிக்கலின் முடிவு வாரங்கள் கழித்து வேறொரு பக்கத்தில் வரும். இரண்டையும் இணைக்கும் எண்ணோ அடையாளமோ இல்லை.

நாட்குறிப்பு பிழைத்து வந்த வழியும் இந்த வரலாற்றில் சேரும். 85 ஆண்டுகள் அது குடும்பத்தார் வீட்டில் கிடந்தது. 1846இல் கலுவா மோன்பிரன் என்ற புதுச்சேரி அதிகாரி அதைக் கண்டெடுத்துப் படியெடுக்கச் செய்தார். எதுவார் அரியேல் என்பவர் எடுப்பித்த படி பாரிசின் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளில் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. மூலத்தில் கிடைக்காத பகுதிகள் உண்டு. இடையில் மாதக்கணக்கில் விடுபட்ட நாட்களும் உண்டு. கிடைத்திருப்பதில் பெரும்பங்கு, யாரோ பொறுப்பாகப் படியெடுத்து வைத்ததால் கிடைத்தது.

19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரித் துணிக்கு வேறொரு சந்தை பெரிதாயிற்று. அவுரிச் சாயம் தோய்த்த ‘கினே’ என்னும் நீலத்துணி, பிரான்சு வழியாகச் செனகலுக்குப் போனது. செனகல் ஆற்றங்கரையில் பிசின் வாங்க அதுவே பணம்போலப் புழங்கியது. அங்கிருந்த மூர் வணிகர்கள் துணியைத் தொட்டும் முகர்ந்தும் பார்த்தே புதுச்சேரிச் சரக்கைக் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பிய ஆலைகள் செய்த போலிகள் அந்தச் சோதனையில் நீண்டகாலம் தேறவில்லை. நீளத்தையும் எடையையும் குறைத்து அனுப்புவது பெருகியபோது, பிரெஞ்சு அரசு அளவுகளை ஆணையால் வரையறுத்தது. கடைசியில் பொருளைப் பயன்படுத்துபவர் கண்ட குறை, பாதி உலகம் கடந்து, செய்பவரின் ஊருக்கு விதியாக வந்து சேர்ந்தது. மென்பொருள்காரர் பயனரின் புகார் என்று சொல்லும் பொருளுக்கு இது பழைய, மிக மெதுவான வடிவம்.

அடுத்து ஆலைகள். சவானா ஆலை 1828இலும் கெப்ளே ஆலை 1892இலும் ரோடியர் ஆலை 1898இலும் தோன்றின. தறி வீட்டிலிருந்து கூரைக் கொட்டகைக்கு மாறியதும் குறைக்கணக்கு கூலிக்கணக்கோடு ஒட்டிக்கொண்டது. துணியில் பழுது கண்டால் கூலியில் பிடிப்பது அக்கால இந்திய ஆலைகளில் பரவலான வழக்கம். குறையைச் சொன்னால் தண்டனை என்று ஆனபோது குறையை மறைப்பதே இயல்பாயிற்று. கூலி, வேலைநேரம், சங்க உரிமை கேட்டு எழுந்த போராட்டத்தில் 1936 ஜூலை 30 அன்று படை சுட்டு 12 தொழிலாளர்கள் மாண்டார்கள். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ரோடியர் ஆலை, பிற்காலத்தில் ஏ.எஃப்.டி. என்ற பெயரில் அரசின் கையில் ஓடி, 2020இல் மூடப்பட்டது.

ஊரில் குறை எழுதும் பழக்கம் அழகாக வளர்ந்த இடம் அச்சகம். மூசே, துய்ப்புய் என்ற பாதிரிமார் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி, மிஷன் அச்சகத்தில் 1855இலும் 1862இலும் இரு பகுதிகளாக வந்தது. பாரதியார் ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ வார இதழ் 1908 முதல் 1910 வரை இங்கே அச்சாயிற்று. அரவிந்தரின் ‘ஆர்யா’ 1914 முதல் 1921 வரை வெளிவந்தது. இத்தகைய அச்சுவேலை எதுவும் புரூஃப் என்னும் சோதனைப் படி இல்லாமல் நடந்ததில்லை. முதல் புரூஃப், இரண்டாம் புரூஃப் என்று தாள்கள் கைமாறும். பிழையான எழுத்தை அடித்து, அதே வரிக்கு நேராக ஓரத்தில் திருத்தக் குறி போடுவார் பிழை திருத்துபவர். குறை இருக்கும் இடத்திலேயே குறையின் பதிவும் இருக்கும். அச்சுக் கோப்பவர் திருத்தியதும், அடுத்த புரூஃபில் அந்த ஓரம் காலியாக இருக்கிறதா என்று ஒத்துப் பார்ப்பார்கள். கண்டவரும் திருத்துபவரும் படிப்பது ஒரே தாள். துணிக்கிடங்கின் ஏட்டில் இருந்த பள்ளம் இங்கே இல்லை. 1990களில் கணினிப் பக்கவடிவமைப்பு வேலை புதுச்சேரிக்கு வந்தபோது இந்தப் பழக்கம் ஊருக்குக் கைகொடுத்தது. 1994இல் இங்கு தொடங்கிய இன்டெக்ரா போன்ற நிறுவனங்கள் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்காக அதே புரூஃப் வேலையைத் திரையில் செய்தன.

கணினி உலகின் மிகப் புகழ்பெற்ற பிழைப்பதிவும் காகிதத்தில்தான் இருக்கிறது. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் ஒரு ரிலே வேலை செய்யவில்லை. திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு விட்டில் பூச்சி. அதை எடுத்து அன்றைய பதிவேட்டில் நேரத்துக்கு நேராகப் பசைநாடா வைத்து ஒட்டினார்கள். ‘பக்’ என்ற சொல் அதற்கு முன்பே பொறியாளர்களிடம் வழங்கியது. எடிசன் 1878இலேயே அதை எழுதியிருக்கிறார். ஆனால் பிழையையே சான்றாக ஏட்டில் ஒட்டிய அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

பிழைகளைப் பதிவதற்கென்றே மென்பொருள் எழுதும் வழக்கம் 1990களில் பரவியது. க்னூ திட்டத்தின் க்னாட்ஸ் 1992இல் வந்தது. டெபியன் லினக்ஸ் குழு 1994இல் மின்னஞ்சலால் இயங்கும் தன் முறையைத் தொடங்கியது. நெட்ஸ்கேப் தன் உலாவியின் மூலநிரலை 1998இல் திறந்தபோது பக்ஜில்லா பொதுவெளிக்கு வந்தது. இதோடு ஏட்டின் உரிமையில் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. உலகில் எங்கிருந்தாலும் ஒருவர் குறையை எழுதலாம். எழுதியதற்கு ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணின் கீழே நடந்த விவாதம் முழுவதையும் யாரும் படிக்கலாம். குறிப்பேடும் பேரேடும் ஒரே பக்கத்தில் இணைந்தன. ஆனந்தரங்கரின் ஏட்டில் இல்லாத எண் இதுதான்.

தொடர்ந்து கருவிகள் பெருகின. மான்டிஸ் 2000இல் வந்தது. ஜிரா 2002இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து வந்தது. 2004இல் வந்த பேஸ்கேம்ப், பிழைகளைவிட வேலைப் பட்டியலையும் உரையாடலையும் முன்னே வைத்தது. 2006இல் வந்த ரெட்மைன் இரண்டு கணக்குகளையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. அது இலவசம், மூலநிரலும் திறந்தது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் ஜோஹோ ஆன நிறுவனம், 2006இல் ஜோஹோ புராஜெக்ட்ஸை வெளியிட்டது. புதுச்சேரியிலிருந்து மூன்று மணி நேரப் பயணத் தொலைவில், சென்னையில் உருவான கருவி உலகச் சந்தைக்குப் போனது. 2008இல் தொடங்கிய கிட்ஹப், பிழைப்பட்டியலை நிரலின் பக்கத்திலேயே கட்டிவைத்தது. புரூஃப் தாளின் ஓரக்குறியைப் போல, குறையும் அதன் பதிவும் மீண்டும் அருகருகே வந்தன.

தொடக்கத்தில் சிறு குழுவுக்கு இவற்றில் பெரும்பாலானவை எட்டாக்கனி. பக்ஜில்லாவை நிறுவ ஒரு சர்வர் வேண்டும், பெர்ல் தெரிந்த ஆள் வேண்டும். புதுச்சேரியின் பல குழுக்கள் நான்கைந்து பேர் கொண்டவை. கல்லூரி முடித்த நண்பர்கள் வாடகை அறையில் தொடங்குபவை. அவர்களுக்குக் கருவியைப் பராமரிப்பதே தனி வேலையாகிவிடும். 2010களின் இறுதியில் இது மாறத் தொடங்கியது. ஜிரா 2019இல் பத்துப் பேர்வரை இலவசமாயிற்று. கிட்ஹப் 2020 ஏப்ரலில் தனிப்பட்ட நிரல் களஞ்சியங்களை ஆட்கள் கணக்குப் பார்க்காமல் இலவசமாக்கியது. விலை தடையாக இருந்த காலம் பெருமளவு முடிந்துபோய், எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே கேள்வியாக நின்றது.

இங்கே பழைய ஏடுகளின் பாடம் நேராகப் பொருந்துகிறது. ஐந்து பேருக்குள் அடங்கும் குழு, எல்லோரும் நிரல் எழுதுபவர்கள் என்றால், நிரல் இருக்கும் இடத்திலேயே உள்ள பிழைப்பட்டியல் போதும். தனிக் கருவி சுமை. வாடிக்கையாளரும், வடிவமைப்பவரும், கணக்குப் பார்ப்பவரும் குறை சொல்ல வேண்டிய இடத்தில் ரெட்மைன், ஜோஹோ போன்றவை பொருந்தும். அவற்றில் நிரல் தெரியாதவரும் ஒரு படிவத்தை நிரப்பிவிட முடியும். ஜிராவில் ஒரு வேலை கடந்துபோக வேண்டிய நிலைகளை வேண்டியபடி அமைக்கலாம். நூறு பேர் உள்ள இடத்துக்கு அது வரம். நான்கு பேருக்கு அந்த அமைப்பே வேலையைத் தின்றுவிடும். புதிது, நடக்கிறது, சோதனைக்குப் போயிருக்கிறது, முடிந்தது என்ற நான்கு நிலைகளுக்கு மேல் சிறு குழுவுக்குத் தேவைப்படுவது அபூர்வம்.

ஒரு நல்ல டிக்கெட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதில் புதுமை அதிகம் இல்லை. ‘ரசீது அச்சிடும்போது தமிழ்ப் பெயர்களில் ஒற்றுப் புள்ளி விழுவதில்லை’ என்று தலைப்பு. என்ன செய்தபோது நடந்தது, என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது என்று மூன்று வரி. ஒரு ஸ்கிரீன்ஷாட். கண்டவர் பெயர், பார்க்க வேண்டியவர் பெயர். மாதிரி உருப்படியோடு ஒத்துப் பார்த்த அதே முறை இது. மாறியது ஒன்று: குறை யாருடைய வேலையில் இருக்கிறதோ, அவர் அதே பக்கத்தில் பதில் எழுத முடிகிறது. தமிழ் எழுத்துகள் 1991இலேயே யூனிகோடில் இடம்பெற்றுவிட்டதால், இன்று டிக்கெட்டைத் தமிழில் எழுதுவதற்குக் கருவி தடையில்லை. டெஸ்டிங் செய்யும் இளைஞர் ஆங்கிலத்தில் எழுதத் தயங்கி, பிழையை வாயால் சொல்லிவிட்டுப் போகும் குழுவில் அந்தப் பிழை பதிவாவதே இல்லை. அவர் தமிழில் எழுதட்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுவது, எந்தக் கருவியை வாங்குவதையும்விடப் பயன் தரும். குறை எழுதியவரையோ குறை வைத்தவரையோ அந்தப் பதிவைக் காட்டிக் கண்டிக்காமல் இருப்பதும் அப்படியே. ஆலைக்கணக்கு கெட்டது அங்கேதான்.

ஏடு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி கடைசியாக வருகிறது. அனுபவத்தில் அதுவே கசப்பாகவும் இருந்திருக்கிறது. ஏராளமான திறமூலக் குழுக்கள் பிழைப்பட்டியல் வைத்திருந்த கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. தம் சொந்த சர்வரில் ஜிராவை நிறுவி ஓட்டிய சிறு குழுக்களுக்கு, அந்தப் பதிப்பின் ஆதரவு 2024 பிப்ரவரியில் நின்றது. பல ஆண்டுகள் விரும்பிப் பயன்படுத்தப்பட்ட பிவோட்டல் டிராக்கர் 2025 ஏப்ரலோடு முடிந்தது. ஒவ்வொரு முறையும் தம் பதிவுகளை வெளியே எடுத்து வைத்திருந்த குழுக்கள் வேறு கருவிக்குக் குடிபெயர்ந்தன; எடுத்து வைக்காதவை, ஏன் இந்த வரி இப்படி எழுதப்பட்டது என்று சொல்லும் ஆண்டுக்கணக்கான விளக்கங்களை இழந்தன. ஆகவே ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே, அதில் பத்து டிக்கெட் எழுதி, அவை அனைத்தையும் விவாதங்களோடு ஒரே கோப்பாக இறக்கிப் பார்த்துவிட வேண்டும். தமிழ் எழுத்து சிதையாமல், தேதி மாறாமல் இறங்கினால் அந்தக் கருவியை எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அன்றே வேறொன்றைத் தேடுவது நல்லது.